இழுவிசைக் கட்டுப்பாடு (உழவு இயந்திரம்)

இழுவிசைக் கட்டுப்பாடு என்பது, டிராக்டரின் பின்புறம் பொருத்தப்பட்ட கலப்பையை மண்ணில் இழுப்பதற்குத் தேவைப்படும் விசையை உணர்ந்து, அவ்விசை ஏறத்தாழ மாறாதிருக்கும்படி கலப்பையைத் தானாகவே உயர்த்தித் தாழ்த்தும் அமைப்பு ஆகும். இது டிராக்டரின் ஹைட்ராலிக் தூக்கியுடனும் மும்முனை இணைப்புடனும் சேர்ந்து இயங்குகிறது. இந்திய டிராக்டர் நிறுவனங்களின் விளம்பரங்களில் இவ்வமைப்பு ஏ.டி.டி.சி. என்ற சுருக்கப் பெயரால் குறிக்கப்படுவதுண்டு.

வரலாறு

தொடக்ககால டிராக்டர்களில் கலப்பை ஒரு வண்டியைப் போலச் சங்கிலியாலோ கொக்கியாலோ இழுக்கப்பட்டது. கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால், பின்சக்கரங்கள் நின்றுவிட, டிராக்டரின் முன்பகுதி மேலெழும்பிப் பின்புறமாகக் கவிழும். இதனால் ஓட்டுநர்கள் பலர் உயிரிழந்தனர். அயர்லாந்தில் பிறந்த பொறியாளர் ஹாரி பெர்குசன் (1884–1960) கலப்பையையும் டிராக்டரையும் ஒரே பொறியாக இணைக்க முயன்று, 1925 இல் இழுவிசைக் கட்டுப்பாட்டுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1936 இல் பெர்குசன்-பிரவுன் டிராக்டரும், ஹென்றி ஃபோர்டுடன் செய்துகொண்ட வாய்மொழி உடன்பாட்டின்படி 1939 இல் ஃபோர்டு 9என் டிராக்டரும் இவ்வமைப்புடன் வெளிவந்தன. உடன்பாடு முறிந்தபின் பெர்குசன் தொடுத்த வழக்கு 1952 இல் 92.5 இலட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது.

1953 இல் பெர்குசனின் நிறுவனம் மாசே-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. பின்னர் மாசே பெர்குசன் எனப் பெயர் பெற்றது. அதன் தொழில்நுட்பக் கூட்டுறவுடன் 1960 இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு வயல்களில் இழுவிசைக் கட்டுப்பாடு பரவியதற்கு இந்நிறுவனத்தின் டிராக்டர்கள் முக்கியக் காரணமாகும்.

செயற்படும் முறை

மும்முனை இணைப்பில் இரண்டு கீழ்க்கரங்களும் ஒரு மேற்கரமும் உள்ளன. கீழ்க்கரங்கள் கலப்பையை இழுக்கின்றன. மண் கலப்பையின் அடிப்பகுதியைப் பின்னோக்கித் தள்ளுவதால், கலப்பை கீழ்க்கர முனைகளை அச்சாகக் கொண்டு முன்புறமாகச் சுழல முயல்கிறது. இதனால் மேற்கரம் டிராக்டரை நோக்கி அழுத்தப்படுகிறது. இவ்வழுத்தமே இழுவிசையின் அளவுகோலாகப் பயன்படுகிறது. கட்டுப்பாடு பின்வரும் வரிசையில் நடைபெறுகிறது:

1. ஓட்டுநர் நெம்புகோலை நகர்த்தி, வேண்டிய இழுவிசையைத் தேர்ந்தெடுக்கிறார்.
2. மண் இறுகும்போது மேற்கரத்தின் அழுத்தம் கூடி, அதன் முனையிலுள்ள கனத்த சுருள்வில் சுருங்குகிறது.
3. வில்லின் அசைவு ஹைட்ராலிக் வால்வைத் திறக்கிறது. எண்ணெய் உருளைக்குள் சென்று கலப்பையைச் சற்று உயர்த்துகிறது.
4. இழுவிசை குறைந்ததும் வில் பழைய நிலைக்கு மீண்டு வால்வை மூடுகிறது. மண் இளகினால் இதே செயல் எதிர்த்திசையில் நடந்து கலப்பை இறங்குகிறது.

தூக்கி கலப்பையின் எடையில் ஒரு பகுதியைத் தாங்கும்போது, அந்தச் சுமை டிராக்டரின் பின்சக்கரங்களுக்கு மாறுகிறது. பிடிப்புத் தேவைப்படும் நேரத்திலேயே பிடிப்புக் கூடுவதால் சக்கரம் வழுக்குவது குறைகிறது. எடை குறைந்த டிராக்டரும் ஆழமாக உழ முடிவது இதனாலேயே.

வகைகள்

மேற்கர உணர்வு: பெர்குசனின் முறை இதுவே. சிறிய, நடுத்தர டிராக்டர்களில் பெரிதும் காணப்படுகிறது. பெர்குசன் வடிவமைப்பில் வால்வு, எண்ணெய்ப் பம்பின் உறிஞ்சு பக்கத்தில் அமைந்துள்ளது; வேறு பல டிராக்டர்களில் அழுத்தப் பக்கத்தில் அமைந்துள்ளது.

கீழ்க்கர உணர்வு: நீளமான, கனத்த கலப்பைகளில் மேற்கரம் சில நேரம் அழுத்தத்துக்கும் சில நேரம் இழுப்புக்கும் உள்ளாவதால் அதன் அளவு நம்பத்தக்கதாக இராது. எனவே பெரிய டிராக்டர்களில் கீழ்க்கரங்களின் இழுப்பே அளக்கப்படுகிறது.

முறுக்குவிசை உணர்வு: 1971 இல் வந்த ஃபோர்டு 7000 டிராக்டரில், கரங்களுக்குப் பதிலாகப் பின்சக்கரங்களுக்குச் செல்லும் முறுக்குவிசை அளக்கப்பட்டது.

மின்னணு முறை: கீழ்க்கரங்களின் ஊசிகளில் பதிந்த உணரிகள் விசையை மின்குறிப்பாக மாற்றுகின்றன, கணிப்பொறி வால்வை இயக்குகிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1978 இல் இதனை அறிமுகப்படுத்தியது.

நிலைக் கட்டுப்பாட்டுடன் ஒப்பீடு

இழுவிசைக் கட்டுப்பாடு உழவின் ஆழத்தை மாறாமல் வைத்திருக்கும் என்பது பரவலான தவறான கருத்து. அது மாறாமல் வைத்திருப்பது விசையை மட்டுமே. ஒரே வயலில் இறுகிய இடமும் இளகிய இடமும் இருந்தால், இறுகிய இடத்தில் உழவு மேலோட்டமாகவும் இளகிய இடத்தில் ஆழமாகவும் அமையும். நிலைக் கட்டுப்பாடு என்னும் மற்றொரு அமைப்பு, விசையைக் கருதாமல், டிராக்டரைப் பொறுத்துக் கருவியின் உயரத்தை மட்டும் நிலைநிறுத்துகிறது. மேடுபள்ளமான நிலத்தில் இதன் ஆழமும் மாறக்கூடும். பெரும்பாலான டிராக்டர்களில் இரண்டுக்கும் தனித்தனி நெம்புகோல்கள் உள்ளன.

தென்காசி வட்டாரத்தில் பயன்பாடு

2019 இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டம், இவ்விரு கட்டுப்பாடுகளின் வேறுபாட்டை விளக்கும் நல்ல எடுத்துக்காட்டாகும். மேற்கே குற்றாலம், தென்காசிப் பகுதியில் சிற்றாற்றின் அணைக்கட்டுகளும் குளங்களும் கார், பிசானப் பருவ நெல்லுக்கு நீர் தருகின்றன. இங்கு நீர் கட்டித் தொழியடிக்கும்போது சேறு போதிய எதிர்ப்பைத் தருவதில்லை. இழுவிசை நெம்புகோலைப் பயன்படுத்தினால், குறித்த விசையைத் தேடிக் கருவி மேன்மேலும் ஆழத்தில் இறங்கும். அதனால் நீரைத் தாங்கி நிற்கும் அடிமண் உடையலாம், டிராக்டரும் புதையலாம். ஆகவே கூண்டுச் சக்கரம் பூட்டிய சேற்றுழவுக்கும் ரோட்டவேட்டருக்கும் நிலைக் கட்டுப்பாடே ஏற்றது.

கிழக்கே சங்கரன்கோவில் பகுதியின் மானாவாரிக் கரிசலிலும் செம்மண்ணிலும் நிலைமை வேறு. கோடை உழவில் சட்டிக் கலப்பையும் வார்ப்பு இறகுக் கலப்பையும் பெரும் எதிர்ப்பைச் சந்திக்கின்றன. அங்கு இழுவிசைக் கட்டுப்பாடு பயன் தருகிறது. நிலைக் கட்டுப்பாட்டில் உழுதால் இறுகிய இடங்களில் எஞ்சின் திணறி, சக்கரம் வழுக்கி, டீசலும் டயரும் வீணாகும். வாடகை டிராக்டருக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்கும் விவசாயிக்கு இவ்விழப்பு நேரடிச் செலவாகிறது.

பராமரிப்பு

மேற்கரத்தின் நீளம் சரியாக இல்லாவிடினும், சுருள்வில் துருப்பிடித்து இறுகினாலும், இணைப்பு ஊசிகள் தேய்ந்து ஆடினாலும் கட்டுப்பாடு பிழைபடும். மேற்கரத்துக்குப் பதிலாகச் சங்கிலியைக் கட்டினால் அழுத்தம் வில்லுக்குச் செல்லாது. மேற்கர உணர்வு கொண்ட டிராக்டரில் இழுவிசைக் கட்டுப்பாடு முற்றிலும் செயலிழக்கும்.

இவற்றையும் பார்க்க

மும்முனை இணைப்பு
ஹாரி பெர்குசன்
சட்டிக் கலப்பை
சிற்றாறு