பழகிய கல்

அடுக்களைக்குப் புதிய கல் ஒன்று வந்து சேர்ந்த அன்றே அதில் குழம்புக்கு அரைத்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததில்லை. அம்மியாயினும் ஆட்டுரலாயினும் முதலில் அதைப் பழக்க வேண்டும் என்பர் நம் முன்னோர். இச்சிறு வழக்கத்தின் பின்னே நீண்டதொரு வரலாறும், நமது விசுவாச வாழ்வுக்குரிய பாடம் ஒன்றும் அடங்கியுள்ளன.

கல்லில் அரைத்து உண்ணும் பழக்கம் மனிதன் உழவனாவதற்கு முன்பே தோன்றியது. திருப்பத்தூர்ப் பகுதியிலுள்ள பையம்பள்ளியில் 1960-களில் நடந்த அகழாய்வில் புதிய கற்கால மக்களின் அரைப்புக் கற்கள் வெளிப்பட்டன. உலக்கை ஓச்சும் மகளிர் பாடும் வள்ளைப்பாட்டைச் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலும் காண்கிறோம்.

உளியால் பொளிந்த கருங்கல்லின் குழிகளில் கல்தூளும், உதிரக் காத்திருக்கும் மணிகளும் தங்கியிருக்கும். ஆகவே கல்லையும் குழவியையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவர். பிறகு தவிட்டை இட்டு, நீர் தெளித்து அரைப்பர். முதலில் வரும் விழுது சாம்பல் நிறமாயிருக்கும். அதை வழித்து எறிந்துவிடுவர். அடுத்து ஊறவைத்த நொய்யரிசியும் கல்லுப்பும் அரைபடும். விழுதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, நறநறப்பு இருந்தால் மறுநாளும் அரைப்பர். நிறம் மாறாத வெண்ணிற விழுது வந்த பின்னரே கல் சமையலுக்கு ஆகும். ஆண்டுகள் சென்று கல் வழுவழுப்பானால், அம்மி கொத்துபவர் வந்து மீண்டும் பொளிவார். பொளிந்த கல்லை மீண்டும் பழக்க வேண்டும். ஒருமுறை பழகிய கல் என்றென்றைக்கும் பழகிய கல் அன்று.

இவ்வளவு கவனம் ஏன்? மாவில் கலந்த மணலும் கல்தூளும் பற்களைத் தேய்த்துவிடும். பண்டைய எகிப்தியரின் உடல்களை ஆராய்ந்தோர், அவற்றின் பற்கள் மிகவும் தேய்ந்திருக்கக் கண்டு, ரொட்டியில் கலந்த மணலையும் கல்தூளையும் அதற்கு முக்கியக் காரணமாகக் கூறுகின்றனர்.

அதே எகிப்தில் மாவரைக்கும் கல்லின் பின்னே அமர்ந்திருந்த அடிமைப் பெண்ணை விடுதலைப் பயண நூல் நினைவுகூர்கிறது (11:5). அரியணையில் வீற்றிருக்கும் பார்வோனுக்கு எதிர்க்கோடியில், சமுதாயத்தின் கடைசிப்படியில் அவளை அந்நூல் நிறுத்துகிறது. அடிமைத்தனத்திலிருந்து மீண்ட மக்களோ பாலைவனத்தில் மன்னாவைத் திரிகையில் அரைத்தும் உரலில் இடித்தும் உண்டனர் (எண்ணிக்கை 11:8). பின்னர் அவர்களுக்கு வழங்கப்பட்ட சட்டம், திரிகையையோ அதன் மேற்கல்லையோ அடகாக வாங்கலாகாது எனத் தடுத்தது. அது ஒருவரின் உயிரையே அடகாக வாங்குவதற்கு ஒப்பாகும் (இணைச்சட்டம் 24:6). கடன் கொடுத்தவனின் உரிமை ஏழையின் அரைகல்லுக்கு முன் நின்றுவிட வேண்டும் என்பது இறைவனின் நீதி.

நம் நாட்டிலும் நெல் குத்திக் கூலி பெற்றே பிள்ளைகளை வளர்த்த பெண்கள் பலர். அரிசி ஆலைகள் பெருகியபோது அவர்களின் கைகள் வேலையிழந்தன. 1934-இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், கைக்குத்தல் அரிசிக்காகப் பாடுபட்டது. அதை முன்னின்று நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவரான ஜே. சி. குமரப்பா. மறுபுறம், 1955-இல் கோயம்புத்தூரில் உருவான மாவரைக்கும் மின்கிரைண்டர், பெண்களின் தோள்களிலிருந்து பெரும் பாரத்தை இறக்கியது. கூலியிழந்தவளின் கண்ணீரும், பாரம் இறங்கியவளின் பெருமூச்சும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். ஒன்றை மட்டும் சொல்வது நேர்மையாகாது. ஆயினும், அந்தக் கிரைண்டரின் புதுக் கல்லையும் பழக்கிய பிறகே மாவு ஆட்டுகிறோம்.

திருச்சபையும் கல்லை அப்படியே ஏற்பதில்லை. நிலையான பலிபீடத்தின் மேற்பலகை மரபுப்படி ஒரே இயற்கைக் கல்லாக இருக்க வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (1236). நேர்ந்தளிப்பின்போது ஆயர் அதன்மீது புனித நீரைத் தெளித்து, கிறிஸ்மா தைலம் பூசி, தூபமிடுகிறார். அதன் பின்னரே விரிப்பு விரித்து, விளக்கேற்றி, கோதுமை அப்பத்தை அதன்மேல் வைக்கிறோம். அடுக்களைக் கல்லுக்கும் ஆலயக் கல்லுக்கும் சடங்குகள் வேறு. ஆனால் பிறருக்கு உணவளிக்க வரும் எதுவும் முதலில் தன்னை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்ற உண்மை இரண்டுக்கும் பொது.

பங்குப்பேரவைக்கு வந்தாலும், மறைக்கல்வி கற்பிக்க வந்தாலும், ஏன், குருத்துவத்துக்கே வந்தாலும் நாம் அனைவரும் புதுக் கற்களாகவே வருகிறோம். நமது அவசரமும் தன்முனைப்பும் முதல் விழுதிலேயே கலந்துவிடுகின்றன. அதை எறிந்துவிட்டு மீண்டும் அரைக்கும் பொறுமை நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இருந்தது. நமக்கு இருக்கிறதா? நாம் பரிமாறுவதை உண்ணும் எளியோரின் பற்களில் நறநறப்பது எது என்று அவர்களிடமே கேட்டறிவோம்.