பிரசவம் பார்க்கப் போன விதவைகள்

1898 ஜூன் 27 அன்று கல்கத்தாவில் துவாரகநாத் கங்குலி காலமானார். அன்று மாலையே ஒரு பிரசவத்துக்கு அழைப்பு வந்தது. அவர் மனைவி டாக்டர் காதம்பினி மருந்துப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று குடும்பத்தாரின் நினைவுக்குறிப்பு சொல்கிறது. துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் திகைத்துப்போனார்களாம். எனக்குத் திகைப்பில்லை. வலி கண்டவள் காத்திருக்க மாட்டாள். வீடு நிறையப் பிள்ளைகள் இருக்க, இனி சம்பாதிக்க வேண்டியவரும் அவர்தான்.

நான் அரசு மகப்பேறு மருத்துவர். மகளைத் தனியாக வளர்க்கிறேன். “நைட் டூட்டின்னா பாப்பாவை யார் பாத்துப்பாங்க?” என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. காதம்பினி விஷயத்தில் ‘வங்கவாசி’ பத்திரிகை அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. 1891இல் அவரை வேசி என்று குறிப்பால் எழுதியது. கணவர் பக்கத்தில் நின்றார், வழக்குப் போட்டார்கள், ஆசிரியருக்கு ஆறு மாதச் சிறையும் நூறு ரூபாய் அபராதமும் கிடைத்தன.

அப்படிப் பக்கத்தில் நிற்க ஆளில்லாத ஒருத்தியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை.

ஹைமவதி சென் 1866 வாக்கில் குல்னா பக்கம் பிறந்தவர். பத்து வயதுக்குள் நாற்பத்தைந்து வயது டெபுடி மாஜிஸ்திரேட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், சீக்கிரமே தாலியறுத்தார். காசிக்குப் போய்த் திரும்பி, சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தாரிடம் ஒதுங்கி, 1890 வாக்கில் குஞ்சபிகாரி சென் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அந்தக் கணவருக்கு ஆன்மிகத்தில் இருந்த நாட்டம் சம்பாத்தியத்தில் இல்லை. வீட்டு வேலையை முடித்துவிட்டு ஹைமவதி கேம்பெல் மருத்துவப் பள்ளிக்குப் போனார். அங்கே வங்காளியில் பாடம், கிடைத்தது எம்.பி. என்ற மருத்துவப் பட்டத்துக்குக் கீழான பட்டயம். 1894இல் முதலிடம் பிடித்தபோது தங்கப் பதக்கம் ஒரு பெண்ணுக்கா என்று மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பள்ளி சமரசம் பேசி அவருக்கு வெள்ளியைக் கொடுத்தது. பேசித் தீர்க்க அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பிறகு சின்சுராவில் லேடி டஃபரின் பெண்கள் மருத்துவமனையில் வேலை. இந்த மருத்துவமனைகளின் பின்னணியையும் பார்க்க வேண்டும். ஆண் மருத்துவர் கை படக்கூடாது என்று திரைக்குப் பின்னால் இருந்த பெண்களுக்காக, 1885இல் வைஸ்ராயின் மனைவி தொடங்கிய நிதியில் எழுந்தவை அவை. நிதியை நடத்தியவர்கள் பெண் மருத்துவர் வேண்டும் என்றார்கள். ஆனால் அவர்கள் கண்முன் இருந்த ‘லேடி டாக்டர்’ பெரும்பாலும் கல்யாணமாகாத வெள்ளைக்கார மிஷனரி அம்மாள். அவருக்குப் பள்ளிக்குக் கிளப்பவோ, காய்ச்சலில் பக்கத்தில் உட்காரவோ பிள்ளை இல்லை. எங்கள் டூட்டி அட்டவணையைப் போட்டவர் மனத்திலும் அந்த அம்மாள்தான் இருந்திருக்க வேண்டும் என்று சில இரவுகளில் தோன்றும்.

ஹைமவதிக்கோ ஐந்து பிள்ளைகள். காதம்பினி 1888இல் கல்கத்தா டஃபரினில் வாங்கிய மாதம் முந்நூறு ரூபாய் இவர் கனவிலும் காணாதது. பெரிய பட்டத்துக்குப் பெரிய சம்பளம், பட்டயத்துக்குச் சொற்பம். மிச்சத்தை வெளியே பிரசவம் பார்த்துத்தான் ஈடுகட்டினார். 1902இல் குஞ்சபிகாரி இறந்தார். ஆனால் அதற்கு முன்பும் அடுப்பு எரிந்தது இவர் கைக்காசில்தான். கணவர் உயிரோடிருந்த ஆண்டுகளிலேயே அவர் ஏறக்குறைய தனித்தாய்தான் என்பது என் கணிப்பு. பிறகு கூடியது விதவை என்ற பெயர் மட்டும்.

அதோடு நிற்கவுமில்லை. பெற்றவர்கள் கைவிட்ட குழந்தைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். இத்தனையையும் வங்காளியில் தானே எழுதியும் வைத்தார். அந்த நினைவுக்குறிப்பு ஆங்கிலத்தில் 2000இல்தான் புத்தகமாக வந்தது. ஒரு மேலதிகாரி கொடுத்த பாலியல் தொல்லையைக்கூட அதில் அவர் மறைக்கவில்லை.