இரண்டு நாளில் பேசி இருபத்தெட்டு வருஷத்தில் சேர்ந்த கதை

திருநெல்வேலிப் பக்கம் ஒரு புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் "நீங்க எந்தச் சபை?" என்று கேட்டால் பெரும்பாலும் "சி.எஸ்.ஐ." என்பார்கள். நாகர்கோவிலில் கேட்டாலும், மதுரையில் கேட்டாலும் அநேகமாக அதே பதில்தான். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மூன்று ஊரிலும் மூன்று வேறு பதில் வந்திருக்கும்.

காரணம் ரொம்ப சாதாரணமானது. அந்தக் காலத்து மிஷன்கள் ஒருவர் வேலை செய்யும் ஊரில் இன்னொருவர் நுழையாதபடி பகுதிகளைப் பிரித்துக்கொண்டன. திருநெல்வேலிக்கு இங்கிலாந்து திருச்சபையின் மிஷன்கள் வந்தன, அதனால் அங்கே ஆங்கிலிக்கன். நாகர்கோவிலுக்கு லண்டன் மிஷன், மதுரைக்கு அமெரிக்கன் மிஷன். இவர்கள் காங்கிரிகேஷனல் வழி. ஆற்காடு பக்கம் அமெரிக்க சீர்திருத்த சபை. ஆக, ஒருத்தர் எந்தச் சபை என்பதை முடிவு செய்தது அவருடைய நம்பிக்கை இல்லை, அவர் தாத்தா ஊருக்கு எந்த மிஷனரி வந்தார் என்பதுதான். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ராஜாக்களும் பாதிரிமார்களும் போட்ட சண்டையின் எல்லைக்கோடு, தாமிரபரணிக் கரை வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

இதை உடைக்க நடந்த முயற்சியில் முக்கியமான தேதி 1919 மே 1, 2. இடம் தரங்கம்பாடி. கூடியவர்கள் 33 பேர், இரண்டு பேரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன்களும், தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்தவர்களும். (இந்த ஐக்கிய சபை, காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மிஷன்களின் சபைகள் 1908-ல் சேர்ந்து உண்டானது.) முன்னால் நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளைக்காரர், 1912-ல் தோர்ணக்கல் பிஷப்பாக அபிஷேகம் பெற்ற முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப். அந்த இரண்டு நாளின் முடிவில் அவர்கள் விட்ட அறிக்கையின் சாரம் இதுதான்: இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள் தலையில் வந்து விழுந்தன, இவற்றைத் தொடர எங்களுக்கு ஆசையும் இல்லை.

இரண்டு நாளில் மனசு ஒத்துப்போயிற்று. ஆனால் சபைகள் நிஜமாகவே ஒன்றாக 28 வருஷம் ஆனது. அப்படி என்னதான் சிக்கல்?

எல்லாம் ஒரு கேள்வியில் போய் முட்டியது. ஒரு போதகரின் தலையில் யார் கை வைத்து அபிஷேகம் பண்ணினார்கள்?

ஆங்கிலிக்கன் முறைப்படி பிஷப் கைவைத்து அபிஷேகம் செய்தவர்தான் திருவிருந்து நடத்தலாம். அந்த பிஷப்புக்கு இன்னொரு பிஷப், அவருக்கு இன்னொருவர் என்று சங்கிலி அப்போஸ்தலர் காலம் வரை போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஐக்கிய சபையில் பிஷப்பே கிடையாது. சரி, சேரும்போது அந்தப் போதகர்களுக்கு பிஷப் ஒருமுறை கை வைத்துவிட்டால் போச்சு என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்தப் போதகர் இடத்திலிருந்து பாருங்கள். இருபது வருஷம் அவர் கையால் ஜனங்கள் திருவிருந்து வாங்கியிருக்கிறார்கள். இப்போது மறுபடி அபிஷேகம் என்றால், இத்தனை நாள் கொடுத்தது செல்லாது என்று அவரே ஒப்புக்கொள்வதாகிவிடும். ஒரு தரப்புக்கு மறு அபிஷேகம் இல்லாமல் சேர முடியாது, இன்னொரு தரப்புக்கு மறு அபிஷேகத்தோடு சேர முடியாது. பின்னால் பேச்சில் வந்து சேர்ந்த மெதடிஸ்டுகளின் நிலையும் இந்த இரண்டாவது தரப்புதான்.

கடைசியில் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இல்லை. ஏற்கெனவே போதகராக இருக்கும் எல்லோரையும் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வோம், யாருக்கும் மறு அபிஷேகம் வேண்டாம். இனிமேல் வருகிறவர்களுக்கு பிஷப்தான் கை வைப்பார். எந்தச் சபையின் மேலும் அது மனதார ஏற்காத போதகரைத் திணிக்க மாட்டோம் என்று ஓர் உறுதிமொழி. முப்பது வருஷம் போகட்டும், மிச்சமிருப்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் பழையவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றிருப்பார்கள், பிரச்சனை தானாகக் கரைந்திருக்கும். வாதத்தில் ஜெயிக்க முடியாததைக் காலத்திடம் விட்டுவிட்டார்கள்.

இங்கிலாந்தில் ஒரு சாராருக்கு இது பொறுக்கவில்லை. கருத்து வேறுபாட்டைத் தீர்க்காமல் வார்த்தையால் மூடுகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. கவிஞர் டி.எஸ். எலியட்டே 1943-ல் இந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறு நூல் எழுதினார். அழிவின் வழியாக மறு இணைப்பு என்கிற மாதிரித் தலைப்பு. தென்னிந்தியக் கிராமச் சபைகளின் விவகாரம் லண்டன் இலக்கிய உலகம் வரை எட்டியிருக்கிறது, யோசித்துப் பாருங்கள்!

அசரியாவோ 1927-ல் லோசான் மாநாட்டிலேயே பதில் சொல்லியிருந்தார். கிறிஸ்தவ நாடுகளில் பிரிவினை ஒரு பலவீனமாக மட்டும் இருக்கலாம், மற்ற நாடுகளில் அது பாவம் என்பது அவர் வாதம். ஆனால் இணைப்பைப் பார்க்க அவர் இல்லை. 1945 ஜனவரி 1 அன்று காலமானார். அதே மாதம்தான் ஆங்கிலிக்கன் பொதுச் சங்கம் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

1947 செப்டம்பர் 27. நாடு சுதந்திரம் அடைந்து ஆறு வாரம். சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், பிஷப் சி.கே. ஜேக்கப் தலைமையில் தென்னிந்திய திருச்சபை பிறந்தது. அன்றைக்கே ஒன்பது புது பிஷப்புகள் அபிஷேகம் பெற்றார்கள். மதுரை-ராமநாதபுரத்துக்கு வந்த லெஸ்லி நியூபிகின், பிஷப்பே இல்லாத ஸ்காட்லாந்து சபையின் மிஷனரி! வயது நாற்பதுகூட ஆகவில்லை.

எல்லோரும் வந்துவிடவில்லை. ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் பலர் வெளியே நின்றார்கள். பேச்சு தொடங்கிய தரங்கம்பாடி லுத்தரன்களின் தாய்வீடு, அந்த லுத்தரன்களும் சேரவில்லை. இன்றும் அவர்கள் தனிச் சபைதான்.

இதையெல்லாம் வாசிக்கும்போது ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து வந்த சுவர்களை இடிக்க இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதினார்கள். உள்ளூர்ச் சுவர் ஒன்று இருந்ததே, சாதி? அசரியாவுக்கு அது தெரியாமல் இல்லை. தோர்ணக்கலில் மாலா, மாதிகா மக்களிடையே வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர் அவர். ஆனாலும் சபைகள் ஒன்றான பிறகு சாதி உள்ளேயேதான் இருக்கிறது. கல்யாணப் பேச்சிலும் திருமண்டலத் தேர்தலிலும் அதைப் பார்க்காதவர் உண்டா?

போதகர் பிரச்சனையில் முப்பது வருஷக் கணக்கு பலித்ததற்குக் காரணம், பழைய போதகர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், அவர்கள் இடத்தில் புது முறையில் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சாதிக்கு ஓய்வு வயது கிடையாது. ஒவ்வொரு குழந்தையோடும் அது புதுசாகப் பிறக்கிறது. அந்தச் சுவரைக் காலத்திடம் விட்டுவிட்டு உட்கார முடியாது.