லிஸ்பனில் இல்லாத அரண்மனை

அலுவலக வேலையாக ஐரோப்பா போக வேண்டியிருந்தது. அதோடு நாலு நாள் விடுப்பும் சேர்த்துக்கொண்டு, வீட்டம்மாவையும் மகளையும் வரவழைத்து லிஸ்பன் போய் வந்தோம். போர்ச்சுகலின் தலைநகரம். ஏழு குன்றுகள் மேல் கட்டிய ஊர் என்பார்கள். ரெண்டு நாள் நடந்ததில் ஏழுக்கு மேலேயே இருக்கும் என்று முழங்கால் சொன்னது. மஞ்சள் டிராம், வறுத்த மத்தி மீன், முட்டைக் கஸ்டர்ட் பேஸ்ட்ரி எல்லாம் உண்டு. சுற்றுலாக்காரர்களை மேட்டில் ஏற்றிச் செல்ல நம்ம ஊர் ஆட்டோ மாதிரியே டுக்டுக் வேறு ஓடுகிறது.

முதல் நாள் சாயங்காலம் தேஜோ ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய சதுக்கத்துக்குப் போனோம். மூன்று பக்கம் வளைவு வளைவாக மஞ்சள் கட்டிடங்கள், நான்காவது பக்கம் ஆறு, நடுவில் குதிரை மேல் ஒரு ராஜா. வரைபடத்தில் இதன் பெயர் ‘வணிகச் சதுக்கம்’. ஆனால் உள்ளூர்க்காரர்கள் இன்னும் தெரெய்ரோ தோ பாசோ என்றுதான் சொல்கிறார்கள். ‘அரண்மனை முற்றம்’ என்று அர்த்தம். அதைச் சொன்னதும் மகள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "முற்றம் இருக்கு, அரண்மனை எங்கப்பா?"

சரியான கேள்வி. லிஸ்பனைப் புரிந்துகொள்ள அந்த ஒரு கேள்வி போதும் என்று இப்போது தோன்றுகிறது.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து திரும்பிய பிறகு, 1500களின் தொடக்கத்தில், அரசர் முதலாம் மானுவேல் குன்றின் மேலிருந்த கோட்டையை விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கே குடிவந்தார். காரணம் மிளகு. புது அரண்மனையை ஒட்டியே ‘கசா த இந்தியா’, அதாவது இந்தியா இல்லம் என்ற அலுவலகம் இயங்கியது. கிழக்கிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பலின் சரக்கும், வரியும், மாலுமிகளின் சம்பளமும் அங்கேதான் கணக்கு வைக்கப்பட்டன. ராஜாவின் வீட்டோடு சேர்ந்து நாட்டின் கல்லாப்பெட்டி!

1755 நவம்பர் 1, சனிக்கிழமை, அனைத்துப் புனிதர்கள் திருநாள். காலை ஒன்பதரை மணி வாக்கில் தேவாலயங்கள் நிரம்பி வழிந்த நேரத்தில் நிலநடுக்கம் வந்தது. தப்பித்தவர்கள் கட்டிடமில்லாத இடம் தேடி இந்தச் சதுக்கத்துக்குத்தான் ஓடி வந்தார்கள். ஆற்றுத் தண்ணீர் உள்வாங்கி, பிறகு சுனாமியாகத் திரும்பி வந்தது. அன்று தேவாலயங்களில் ஏற்றியிருந்த மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் தீயைக் கிளப்பிவிட, அது ஐந்தாறு நாள் எரிந்தது. செத்தவர்கள் 10,000 என்பதில் தொடங்கி 60,000 வரை பல கணக்குகள் உண்டு. அரண்மனை போயிற்று, அதிலிருந்த சுமார் 70,000 நூல்கள் போயின, அதே வருடம் மார்ச்சில்தான் திறந்த ஆபரா அரங்கம் போயிற்று. கசா த இந்தியாவின் ஆவணங்களும் போயின.

இதில் எனக்கு வலிக்கிற இடம் அந்தக் கடைசி வரிதான். முத்துக்குளித்துறை பற்றிச் சில வருடங்களாகக் குறிப்பு சேர்த்து வருகிறேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்கள் 1530களில் கத்தோலிக்கர்களானதும், முத்துச் சலாபம் போர்ச்சுகீசியர் கைக்குப் போனதும் அந்தக் கதையில் வரும். யார் எழுதியதைப் படித்தாலும் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டே போனால் பாதை லிஸ்பனில் வந்து நிற்கும். நம் கடற்கரையின் கணக்குப் புத்தகத்தில் எத்தனையோ பக்கங்கள் இந்தச் சதுக்கத்தில் சாம்பலாகியிருக்கின்றன. மகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அப்படியானால் மிச்சம் எப்படி வந்தது? இங்கேதான் மானுவேல் த மாயா வருகிறார். லிஸ்பன் மறுகட்டுமானம் என்றால் எல்லோரும் அமைச்சர் பொம்பாலைச் சொல்வார்கள். அவருக்குப் பிரம்மாண்டமான சிலையும் உண்டு. ஆனால் வேலையை வகுத்துக் கொடுத்தவர் நாட்டின் தலைமைப் பொறியாளர் மாயா. அப்போது அவருக்கு வயது 78. நடுக்கம் முடிந்து ஐந்தே வாரத்தில், டிசம்பர் 4-ம் தேதி, ஐந்து வழிகளை எழுதிக் கொடுத்தார்: பழையபடியே கட்டலாம், தெருவை மட்டும் அகலமாக்கிக் கட்டலாம், அகலமாக்கி மாடிகளையும் குறைக்கலாம், தாழ்நிலப் பகுதியை முழுசாகத் தரைமட்டமாக்கிப் புதுசாக வரையலாம், அல்லது ஊரையே பெலேம் பக்கம் நகர்த்தலாம். ஒவ்வொன்றின் சாதக பாதகத்தோடு. இன்றைக்கும் ஒரு நல்ல டிசைன் டாக்குமென்ட் இப்படித்தான் இருக்கும். நான்காவது வழி தேர்வானது.

சதுக்கத்துக்குப் பின்னால் இன்று நாம் நடக்கிற பைஷா பகுதி அதுதான். அளவுகோல் வைத்த மாதிரி நேர்த் தெருக்கள். தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு என்று தொழில் பெயர்கள். சுவர்களுக்குள்ளே மரச் சட்டங்களைப் பெருக்கல் குறி மாதிரி பின்னி ஒரு கூண்டு வைத்தார்கள். கல் சரிந்தாலும் கூண்டு நிற்கும், உள்ளே இருப்பவர் பிழைப்பார். மாதிரிக் கூண்டு ஒன்றைச் செய்து, சுற்றிலும் சிப்பாய்களைக் காலடி அதிர நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள்.

இந்த மாயாவுக்கு இன்னொரு பதவியும் இருந்தது. அரச ஆவணக் காப்பகமான தோரே தோ தோம்பூவின் தலைமைக் காப்பாளரும் அவரேதான். காப்பகம் இருந்தது குன்றின் மேல், கோட்டையின் ஒரு கோபுரத்தில். நடுக்கத்தில் கோபுரம் இடிந்தது. ஆனால் தீ அங்கே எட்டவில்லை. ஊரே எரிந்துகொண்டிருக்க, இடிபாட்டுக்குள்ளிருந்து காகிதங்களை எடுக்க வைத்து, கோட்டை வெளியில் மரக் கொட்டகை போட்டு அதில் சேர்த்தார். 1757-ல் அவை சாவ் பென்டு மடத்துக்குப் போயின. அந்தக் கட்டிடம்தான் இன்று போர்ச்சுகல் நாடாளுமன்றம்.

காகிதம் பிழைத்தது சரி, எது எந்தக் கட்டைச் சேர்ந்தது என்பது கலைந்துவிட்டதே? உதிரியாகக் கிடந்தவற்றைத் தேதி வரிசையில் அடுக்கினார்கள். ‘கோர்ப்பு க்ரோனொலோஜிகு’, அதாவது ‘காலவரிசைத் தொகுப்பு’ என்ற பெயர் அப்படி வந்தது. 80,000க்கு மேற்பட்ட ஆவணங்கள், பெரும்பாலும் 15, 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இந்தியாவிலிருந்து எழுதிய கடிதங்களும் ஏராளம். 2007-ல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எல்லா இன்டெக்ஸும் போய்விட்டால் நாங்களும் டைம்ஸ்டாம்ப் பார்த்துத்தான் அடுக்குவோம். வேறு வழி கிடையாது.

கோவா ஆளுநர் அலுவலகத்தில் இருந்த கடிதத் தொகுதிகளின் கதை வேறு. அவற்றில் அறுபதுக்கு மேற்பட்டவை 1770களில்தான் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டன. 1755-ல் அவை கோவாவில் இருந்ததால் தப்பின.

இன்னொன்றும் தப்பியது. 1554 பிப்ரவரியில் லிஸ்பனில் அச்சான ஒரு சிறு கிறிஸ்தவ மறைநூல். தமிழும் போர்ச்சுகீசியமும் கலந்தது. தமிழை ரோமன் எழுத்தில் கோத்திருக்கிறார்கள். அச்சேறிய முதல் தமிழ் நூல் அதுதான். மொழிபெயர்த்த வின்சென்டே தெ நாசரெத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த க்ரூஸ் மூவரும் அப்போது லிஸ்பனில் இருந்த தமிழர்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அறியப்பட்ட ஒரே பிரதி பெலேமில், ஓர் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. என்னைப் போல நாலு நாள் டிக்கெட்டில் போனவனுக்குப் பார்க்கக் கிடைக்காது. அது இருக்கிற ஊரில் நடந்தேன் என்பதோடு சரி.

நீங்கள் போவதாக இருந்தால் மூன்று இடங்களை விடாதீர்கள். கார்மோ மடம்: கூரை விழுந்தபடியே விட்டுவைத்திருக்கிறார்கள், வளைவுகளுக்கு மேல் வெறும் வானம். அல்ஃபாமா: நடுக்கத்தைத் தாங்கிய பழைய சந்துகள், 1755க்கு முந்தைய ஊர் எப்படி இருந்திருக்கும் என்று காட்டும். பெலேமின் ஜெரோனிமுஸ் மடம்: கிழக்கிலிருந்து வந்த சரக்கு வரியில் இருபதில் ஒரு பங்கைக் கொண்டு எழும்பியது, உள்ளே காமாவின் சமாதி. கல்லில் அவ்வளவு வேலைப்பாடு. ரசித்தேன், யார் வீட்டுக் காசு என்ற நினைப்பும் கூடவே இருந்தது.

கடைசியாக ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தள வீட்டில் அப்பாவின் டிரங்குப் பெட்டி மூழ்கியது. தாத்தா காலத்துக் கடிதங்கள், பத்திர நகல்கள், ரசீதுகள். மொட்டை மாடியில் உலர்த்திக் காப்பாற்றினோம். அதோடு ரெண்டு சூட்கேசில் போட்டு மூடியவன்தான். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வருடக்கணக்கில் தொடவேயில்லை.

ஊர் திரும்பிய வாரமே சூட்கேசைத் திறந்தேன். எது எந்தக் கட்டு என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். தேதி இருக்கிற காகிதம் ஒரு பக்கம், இல்லாதது ஒரு பக்கம். மகள் தேதியைப் படிக்கிறாள், நான் அடுக்குகிறேன். இதுவரை 143 காகிதம். மிகப் பழையது 1931, ஒரு நிலவரி ரசீது.