காவிரி வடிநிலக் கரைவழி மிதிவண்டிப் பாதைகள்

காவிரி வடிநிலக் கரைவழி மிதிவண்டிப் பாதைகள் என்பன தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களிலும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்திலும் ஆறுகள், வாய்க்கால்கள் ஆகியவற்றின் கரைகளையொட்டிச் செல்லும், ஊர்தி நெரிசல் குறைந்த வழிகளைக் குறிக்கும். இவற்றுள் எதுவும் மிதிவண்டிக்கென அமைக்கப்பட்டதன்று. பாசன நீரைக் கொண்டு செல்லவும் வெள்ளத்தைத் தடுக்கவும் எழுப்பப்பட்ட மண்கரைகளின் மேற்பரப்பே வழியாகப் பயன்படுகின்றது. எனவே இவற்றுக்குத் தனிப் பெயரோ எண்ணோ வழிகாட்டிப் பலகையோ கிடையாது. பள்ளி மாணவர்கள், வயல் வேலைக்குச் செல்வோர், பால் கொண்டு செல்வோர் ஆகியோரே இவற்றின் அன்றாடப் பயனாளர்கள். நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் செய்வோர் இவற்றை நாடுவது அண்மைக் கால வழக்கம் எனலாம்.

கரைகளின் அமைப்பு

கல்லணையில் காவிரி ஆறானது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகின்றது. இவற்றுள் கொள்ளிடம் வெள்ள வடிகாலாகவும் ஏனைய மூன்றும் பாசனத்துக்காகவும் பயன்படுகின்றன. காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் ஆறு முதலியனவும் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, வடவாறு, பாமணியாறு, கோரையாறு முதலியனவும் கிளைக்கின்றன. ஒவ்வொரு கிளைக்கும் இரு கரைகள் உண்டு. நீர் ஓடும் திசையை நோக்கி நின்றால் இடப்புறம் உள்ளது இடக்கரை, வலப்புறம் உள்ளது வலக்கரை. பெரும்பாலான இடங்களில் ஒரு கரை மட்டுமே ஈப்பு செல்லுமளவு அகலமாக இருக்கும். மற்றது ஒற்றையடிப் பாதையாகவே காணப்படும்.

மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர்களும் பாசனப் பொறியாளர்களும் நடந்தும் மிதிவண்டியிலும் சென்று கரையைப் பார்வையிடுவதற்கான வழியே இந்த அகலமான கரை. இதனால் மிதிவண்டி ஓட்டுபவருக்கு எதிர்பாராத ஒரு வசதி கிட்டியது. ஆறு தன் போக்கில் கடலை நோக்கித் தாழும் சரிவே கரையின் சரிவும் ஆகும். அது கண்ணுக்குப் புலப்படாத அளவு மென்மையானது. நாள் முழுதும் மிதித்தாலும் மேடு என்று சொல்லத்தக்கது பாலங்களின் ஏற்றம் மட்டுமே. வயல்மட்டத்தைவிடக் கரை உயர்ந்திருப்பதால் இருபுறமும் நெடுந்தொலைவு பார்க்கவும் முடிகின்றது.

முதன்மையான வழிகள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் சாலை ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுடையது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஆகிய ஐந்து ஆறுகளையும் இச்சாலை இந்த வரிசையில் கடக்கின்றது. சாலையில் பேருந்துகள் மிகுதி. ஆயினும் ஒவ்வொரு பாலத்தின் முனையிலும் கிழக்கேயும் மேற்கேயும் கரைவழிகள் பிரிவதால், நெரிசலில் இருந்து விலக விரும்புபவர் எந்தப் பாலத்திலும் திரும்பிக் கொள்ளலாம். புதிதாக வருபவர் வடிநிலத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த இடம் இல்லை.

திருவையாற்றிலிருந்து மேற்கே திருக்காட்டுப்பள்ளி, கோவிலடி வழியாகக் கல்லணை செல்லும் வழி ஆற்றின் அருகிலேயே பெரும்பாலும் அமைந்துள்ளது. திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி ஆறு காவிரியிலிருந்து பிரிகின்றது. கிழக்கே கணபதி அக்கிரகாரம், உமையாள்புரம், கபிசுத்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணத்தை அடையலாம். இவ்வழியில் படித்துறைகளும் மரநிழலும் மிகுதி. கும்பகோணத்தை நெருங்கும்போது ஊர்திகள் கூடிவிடும்.

கல்லணைக் கால்வாய் மேட்டூர் அணைத் திட்டத்தின் ஒரு பகுதியாக வெட்டப்பட்டு 1934 இல் பயன்பாட்டுக்கு வந்தது. மக்கள் இதனை இன்றும் 'புது ஆறு' என்றே அழைக்கின்றனர். ஏறத்தாழ 149 கி.மீ. நீளமுள்ள இது பூதலூர்ப் பகுதி வழியாகத் தஞ்சாவூர் நகருக்குள் புகுந்து, பின் தெற்கே திரும்பிப் புதுக்கோட்டை மாவட்டத்தின் மும்பாலை வரை செல்கின்றது. மற்ற ஆறுகளைப் போல் வளைந்து நெளியாமல் நீண்ட நேர்வரிகளாகச் செல்வதால் இதன் கரையில் விரைந்து செல்ல இயலும். ஆனால் ஆற்றங்கரையின் பழமையான ஊர்களும் தோப்புகளும் இங்கு குறைவு. சிலருக்கு இது சலிப்பூட்டக்கூடும். கால்வாயின் கடைப்பகுதி அமைந்துள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரக்கணக்கான ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

தெற்கு வடிநிலத்தில் நீடாமங்கலம் அருகேயுள்ள மூணாறு தலைப்பு முதன்மையான கூடலிடம். இங்கு வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. பாமணியாற்றைத் தொடர்ந்து சென்றால் மன்னார்குடியை அடையலாம். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இப்பகுதியிலும் இதன் தெற்கிலும் பெருந்தொகையான தென்னைகளையும் சாலையோர மரங்களையும் வீழ்த்தியது. எனவே பழைய பயணக் குறிப்புகளில் கூறப்படும் நிழலைத் தெற்கே எல்லா இடங்களிலும் எதிர்பார்க்க இயலாது.

கிழக்கே மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் வரை காவிரியைத் தொடரலாம். மேலையூரில் உள்ள நீரொழுங்கி காவிரியின் கடைசித் தடுப்பாகும். கல்லணையில் அகன்று ஓடும் ஆறு இங்கு ஒரு வாய்க்கால் அளவாகச் சுருங்கிவிடுகின்றது. முழு நீளத்தையும் மிதித்து வந்தவருக்கு இது வியப்பளிக்கும். கிளை கிளையாக நீரைப் பகிர்ந்து கொடுத்தபின் எஞ்சுவதே கடலுக்குச் செல்கின்றது.

காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவ்வகையில் வடிநிலத்துக்குள்ளேயே ஒரு 'பிரெஞ்சு நாட்டுப்புறம்' இருந்ததெனலாம். திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகியன இன்றும் 'கொம்யூன்' என்ற பிரெஞ்சுச் சொல்லாலேயே வழங்கப்படுகின்றன. அரசலாறு, முடிகொண்டான் ஆறு, திருமலைராயன் ஆறு முதலியவற்றின் கடைப்பகுதிகள் இங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளன.

பருவமும் காற்றும்

மேட்டூர் அணை பாசனத்துக்காக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுவது மரபு. நீர் இருப்பைப் பொறுத்து இது மாறும். 2022 இல் மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது. 2024 இல் ஜூலை இறுதியில்தான் திறக்கப்பட்டது. திறந்த சில நாட்களில் நீர் கல்லணையை வந்தடையும். அணை மூடியபின் பிப்ரவரி முதல் மே வரை ஆறுகள் பெரும்பாலும் மணற்பரப்பாகக் கிடக்கும். இக்காலத்தின் பிற்பகுதியில் தூர்வாரும் பணிகள் நடைபெறுவதால், வெட்டியெடுத்த மண் கரைமேல் குவிக்கப்பட்டு வழி அடைபடுவதுண்டு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வடிநிலத்தின் களிமண் நனைந்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் அடைத்துக்கொண்டு வண்டியை நகரவிடாது. தார் போடாத கரைகளை இக்காலத்தில் தவிர்ப்பது நல்லது. பொங்கலை ஒட்டிய வாரங்களே மிகவும் ஏற்றவை. வெயில் கடுமையாக இராது. சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். ஆற்றில் நீரும் எஞ்சியிருக்கும். ஆனால் அப்போது அறுத்த நெல்லைச் சாலையிலேயே உலர்த்துவர். உலர்த்தும் நெல்லின்மேல் வண்டி ஓட்டுவது உழவருக்கு இழப்பு மட்டுமன்று, மிதிவண்டி வழுக்குவதற்கும் காரணமாகும். இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகக் கடப்பதே முறை.

காற்றின் திசையும் கருதத்தக்கது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வலுவாக வீசும். அப்போது கல்லணையிலிருந்து கடல் நோக்கிச் செல்பவருக்குக் காற்று துணை; திரும்பி வருபவருக்கு அதே காற்று மலையேற்றத்துக்கு நிகர். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றும் கடற்காற்றும் கிழக்கு நோக்கிய பயணத்தைத் தாமதப்படுத்தும். மேடே இல்லாத நாட்டில் காற்றே மேடு.

இடர்கள்

கரைகளில் தடுப்புச் சுவர் கிடையாது. நீர் நிறைந்து ஓடும்போது நீரொழுங்கிகளின் அருகில் சுழலும் உள்ளிழுப்பும் கடுமையாக இருக்கும். இவ்விடங்களில் குளிப்பது உயிருக்கு ஆபத்தானது. இருட்டியபின் கரைவழியில் செல்வதும் தவிர்க்கத்தக்கது. பழுதுகளுள் மிகப் பெரும்பான்மை சீமைக் கருவேல முள்ளால் நேர்வனவே. முன்பு ஊர்தோறும் வாடகை சைக்கிள் நிலையமும் பஞ்சர் கடையும் இருந்தன. இப்போது பஞ்சர் கடைகள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளுக்கானவை ஆதலால், மெல்லிய டயர் கொண்ட வண்டிக்கு உதிரி டியூபைக் கையோடு கொண்டு செல்லவேண்டும்.

பிரான்சு நாட்டு வழிகளுடன் ஒப்பீடு

பிரான்சு நாட்டில் கால்வாய்க் கரைகளும் கைவிடப்பட்ட இருப்புப் பாதைகளும் 'வுவா வேர்த்' எனப்படும் பசுமை வழிகளாக மாற்றப்பட்டுள்ளன. 1997 இல் ஜிவ்ரி, குளுனி ஆகிய ஊர்களுக்கு இடையே பழைய இருப்புப் பாதைமேல் அமைக்கப்பட்டது இவற்றுள் முன்னோடி. 2004 இல் இவ்வகை வழி அந்நாட்டுப் போக்குவரத்துச் சட்டத்தில் வரையறுக்கப்பட்டு, மோட்டார் ஊர்திகள் விலக்கப்பட்டன. 1681 இல் முடிக்கப்பட்ட மிதி கால்வாயின் கரை, குதிரைகள் படகிழுத்துச் சென்ற வழியாகும். அதுவே இன்று மிதிவண்டிப் பயணிகளின் விருப்பத்துக்குரியதாக உள்ளது.

வேறுபாடு நிலத்தில் இல்லை, சட்டத்தில் உள்ளது. காவிரிக் கரையில் அமைதியைக் காப்பது சட்டமன்று, கரையின் குறுக்கமும் மோசமான தளமுமே. இதில் ஒரு முரண் உண்டு. கரைக்குத் தார் போட்டால் மிதிவண்டிக்கு எளிதாகின்றது. பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் மழைக்காலத்தில் வழி கிடைக்கின்றது. ஆனால் அதே தார்ச்சாலை சில ஆண்டுகளில் நகர நெரிசலைத் தவிர்க்கும் மகிழுந்துகளுக்கும் மணல் லாரிகளுக்கும் குறுக்குவழியாகிவிடுகின்றது. தார் வேண்டாம் என்று வெளியூர்ப் பயணி சொல்வது எளிது. கரையிலேயே வாழ்பவரிடம் அவ்வாறு கூற இயலாது. மோட்டார் ஊர்திகளைத் தடுக்கும் குறுக்குத் தூண்கள் போன்ற எளிய ஏற்பாடுகளை இங்கு பொதுவாகக் காணமுடிவதில்லை.

கல்லணைக் கால்வாயை விரிவாக்கிப் புதுப்பிக்கும் ரூ. 2,640 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 14 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. கால்வாயின் தரைக்கும் சரிவுக்கும் கான்கிரீட் இடுவது நிலத்தடி நீர் ஊறுவதைத் தடுக்கும் என உழவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். கடைமடைக்கு நீர் விரைவில் சேரும் என்பது திட்டத்தை ஆதரிப்போர் வாதம். இவ்விவாதத்தில் கரைமரங்கள் குறைவாகவே பேசப்பட்டன. மரத்தின் அருமையை மிதி கால்வாயில் காணலாம். அங்கு 2006 இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் பல்லாயிரம் பிளேன் மரங்களை வெட்ட நேர்ந்தபோது, நிழலை மீட்க மறுநடவுத் திட்டமே வகுக்கப்பட்டது.

மயிலாடுதுறை - தரங்கம்பாடி பழைய இருப்புப் பாதை

1926 இல் திறக்கப்பட்டு 1986 இல் மூடப்பட்ட மயிலாடுதுறை - தரங்கம்பாடி மீட்டர் பாதை ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுடையது. ஜிவ்ரி - குளுனி வழிக்கு வடிநிலத்தில் மிக நெருங்கிய ஒப்புமை இதுவே. சமதளம், வயல்வெளி, முடிவில் 1620 இல் டேனியர் கட்டத் தொடங்கிய டான்சுபோர்க் கோட்டையும் கடலும் என மிதிவண்டி வழிக்கு வேண்டிய அனைத்தும் இதற்கு உண்டு. ஆனால் அப்பகுதி மக்கள் கேட்பது மிதிவண்டிப் பாதையன்று. நின்றுபோன தொடர்வண்டியையே அவர்கள் மீண்டும் கேட்கின்றனர். திருத்துறைப்பூண்டி - அகத்தியம்பள்ளி பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் மீண்டும் இயங்கத் தொடங்கியது அக்கோரிக்கைக்கு வலுச்சேர்த்துள்ளது.