ஒரு நாள் படுக்கையின் விலை

நோயுற்றவர் ஒருவர் மருத்துவமனையில் ஒரு நாள் தங்குவதற்கு ஆகும் செலவு எவ்வளவு? வினா எளிது; விடை எளிதன்று. நாட்டுக்கு நாடு நாணயம் வேறு, கூலி வேறு, செலவை ஏற்பவரும் வேறு. பற்றுச்சீட்டில் காணும் தொகை ஒன்று; உண்மையில் கழிந்த தொகை மற்றொன்று. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, நெகிரி செம்பிலான் மாநிலத்துக் கோலா பிலா வட்டாரத் தோட்டங்களின் வரலாறு நல்லதொரு பாடமாக அமைகின்றது.

செலவைக் கணக்கிடுமுன், கணக்கில் சேர வேண்டியவை யாவை எனக் காணல் வேண்டும். மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துள்ளார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிபுரிபவர் என்பன அவை. இந்நான்கிற்கும் விலையுண்டு. இவற்றுள் எதனை யார் ஏற்றார் என்பதே தோட்ட மருத்துவ வரலாற்றின் உயிர்நிலையாகும்.

தோட்டத்து மருத்துவமனை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பயிரிடுவதற்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. கோலா பிலா போன்ற மலைசார்ந்த நிலங்களில், மரநிழலில் ஓடிய சிற்றோடைகள் வெயிலில் திறந்து கிடந்தன. அத்தகைய தெளிந்த நீரிற் பெருகும் கொசுவே மலாயாவின் மலைத்தோட்டங்களில் மலேரியாவைப் பரப்பியது. கடலோரச் சதுப்பில் வடிகால் வெட்டி வெற்றி கண்ட டாக்டர் மால்கம் வாட்சன், மலைநிலத்திற்கு அம்முறை பொருந்தாது என்பதையும் கண்டறிந்தார். நிலத்தடி வடிகாலும், நீர்மேல் எண்ணெய் தெளித்தலும் இங்கே தேவைப்பட்டன.

ஆள் நோயுற்றால் பால்வெட்டு நின்றது. பால்வெட்டு நின்றால் இலாபம் குன்றியது. எனவே மருத்துவமனை என்பது அறச்செயலாக மட்டுமன்றித் தொழிற்செலவாகவும் கருதப்பட்டது. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1912-ஆம் ஆண்டிலும் 1923-ஆம் ஆண்டிலும் இயற்றப்பெற்ற தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தொழிலாளரின் மருத்துவப் பொறுப்பை முதலாளிமீது சுமத்தின. பெருந்தோட்டங்கள் தத்தமக்கென மருத்துவமனை அமைத்தன. வேறு சில தோட்டங்கள் ஒன்றுகூடிப் பொது மருத்துவமனை நடத்தின. மருத்துவர் குறித்த நாளில் வந்து போவார். நாடோறும் நோயாளரைக் கவனித்தவர் தோட்டத்து டிரெசரே ஆவார்.

இலங்கையில் வேறொரு முறை இருந்தது. அங்கே 1872-ஆம் ஆண்டில் காப்பித் தோட்ட வட்டாரங்களுக்கென மருத்துவத் தேவைச் சட்டம் பிறந்தது. அரசே வட்டார மருத்துவமனைகளை நடத்தியது. தோட்டத்துறையிடமிருந்து அதற்குப் பணம் தண்டப்பட்டது. ஒரே தமிழ்நாட்டு ஊரினின்றும் புறப்பட்ட இரு உடன்பிறப்புகளுள் ஒருவர் கண்டிக்கும் மற்றொருவர் கோலா பிலாவுக்கும் சென்றிருப்பின், இருவரின் படுக்கைச் செலவும் இருவேறு ஏடுகளில் எழுதப்பட்டிருக்கும்.

ஏட்டில் ஏறாத செலவு

மலாயாத் தொழிலாளிக்குத் தோட்டத்து மருத்துவமனை இலவசம் என்று சொல்வதுண்டு. அஃது அரை உண்மையே. நாட்கூலி முறையில், பெரட்டில் பெயர் விழாத நாளுக்குக் கூலியில்லை. 1937-ஆம் ஆண்டு மலாயாத் தொழிலாளர் நிலைபற்றி அறிக்கையளித்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக மீண்டும் வழங்கப்பட வேண்டுமெனப் பரிந்துரைத்தார். அந்தக் கூலியையே அளவாகக் கொள்வோம். பத்து நாள் படுத்த ஆண் இழப்பது 5 வெள்ளி. மனைவியும் வேலைக்குச் செல்லாது அருகிருந்தால் மேலும் 4 வெள்ளி. ஆக, இலவசப் படுக்கையின் விலை 9 வெள்ளி.

இதனை இந்திய நாணயத்திற்கு மாற்றிப் பார்த்தல் வேண்டும். அந்நாளில் மலாயா வெள்ளி 28 பென்சுக்கும், இந்திய ரூபாய் 18 பென்சுக்கும் ஈடாக நிறுத்தப்பட்டிருந்தன. அதன்படி 9 வெள்ளி சரியாக 14 ரூபாய் ஆகிறது. ஊரிலுள்ள பெற்றோருக்கு மணியார்டரில் சென்றிருக்கக்கூடிய பணம் இது. மருத்துவமனை ஏட்டில் இத்தொகைக்கு இடமில்லை.

உலகக் கணக்கு

இன்று உலகச் சுகாதார நிறுவனம், நாடுதோறும் ஒரு நாள் படுக்கைக்கு ஆகும் செலவை மதிப்பிட்டு வெளியிடுகின்றது. 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று 49 நாடுகளின் மருத்துவமனைத் தரவுகளைத் திரட்டி, நாட்டின் வருமானத்தோடு செலவு எவ்வாறு உயர்கிறது என ஆராய்ந்தது. நாணய வேறுபாட்டைக் களைய, ஒரே வாங்கும் ஆற்றலுடைய ‘பன்னாட்டு டாலர்’ என்னும் கற்பனை நாணயம் பயன்படுத்தப்படுகின்றது. அம்மதிப்பீட்டில் பணியாளர் ஊதியம், கட்டடம், உணவு ஆகியன அடங்கும். மருந்தும் பரிசோதனையும் அடங்கா. நோயாளி இழந்த கூலியும், உடனிருந்தவர் இழந்த கூலியும் அதில் இல்லை. வள்ளுவர் சுட்டிய நான்கனுள் இவ்வாறு பல விடுபட்டு நிற்கின்றன.

1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, பல இடங்களில் தோட்ட மருத்துவ வசதி நிலைகுலைந்தது. செலவு மறையவில்லை, இடம் மாறியது. அரசு மருத்துவமனைகள் அதனை ஏற்றன. 1982-ஆம் ஆண்டு மருத்துவக் கட்டண ஆணை, மூன்றாம் வகுப்பில் தங்கும் குடிமக்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி எனக் குறித்தது. கோலா பிலாவிலுள்ள துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனையும் அரசு மருத்துவமனையே. அந்த 3 வெள்ளி அங்குள்ள படுக்கையின் விலையன்று. எஞ்சியதை நாட்டின் வரிப்பணம் சுமக்கின்றது. இன்று தோட்டங்களில் உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கோ கட்டணம் பன்மடங்காகும். நம் முன்னோர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இன்றைய திருத்தங்களோடு, மருத்துவமனையில் தங்கும் தொழிலாளிக்கு ஆண்டில் 60 நாள் வரை ஊதியத்துடன் விடுப்பு அளிக்கின்றது. ஏட்டில் ஏறாதிருந்த செலவுகளுள் ஒன்று இவ்வாறு சட்டத்தில் ஏறியது. உடனிருப்பவரின் கூலி மட்டும் இன்றும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. நாடுகளின் மருத்துவச் செலவை ஒப்பிடும் பட்டியலைக் காணும் மாணாக்கர், தொகை யாது என வினவுவதோடு நில்லாமல், அதனைச் செலுத்தியவர் யார் என்றும் வினவப் பழகுதல் வேண்டும்.