படிமத்தைப் பேணலும் விடுத்தலும்

தெல்லிப்பழை வீடுகளின் சுவாமியறைகளிலே இலக்குமி, சரசுவதி முதலிய தெய்வங்களின் வர்ண அச்சுப் படங்கள் விளங்குதல் யாவரும் அறிந்ததே. இத்தகைய படங்களை இந்திய நாட்டிற் பெருந்தொகையாகப் பரப்பியோருள் முதன்மையானவர் ஓவியர் இரவிவர்மா. அவர் 1894இல் பம்பாயில் நிறுவிய கல்லச்சகத்தில் எப்படமும் ஒரே முறையில் அச்சாகவில்லை. நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களில் வரைந்து, ஒரே தாளினை ஒவ்வொன்றின் மீதும் முறையே அழுத்தியெடுத்தனர். வேலை முடிந்த கல்லை மறுபதிப்புக்காகப் பேணலாம். அன்றித் தேய்த்து வேறு படம் வரையலாம். பேணின் கல்லும் இடமும் செலவாகும். தேய்ப்பின் அவ்வோவியம் மீளாது. எதைப் பேணுவது, எதை விடுப்பது என்னும் இவ்வினாவே கணினித் திரையில் ஓவியந் தீட்டும் கலையின் வரலாற்றையும் இயக்கியதென்பதை ஈண்டு நோக்குவாம்.

கணினி தீட்டும் படத்தைப் புள்ளி புள்ளியாகத் தாங்கி நிற்கும் நினைவகம் ஃபிரேம் பஃபர் எனப்படும். 1973இல் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் என்பார் அமைத்த சூப்பர்பெயின்ற் என்னும் கருவி 640க்கு 480 புள்ளிகளைத் தாங்கியது. அதற்கு வேண்டிய ஏறக்குறைய மூன்று இலட்சம் பைற் நினைவகம் அக்காலத்திற் பெருஞ்செல்வமாகும். மறு ஆண்டில் எட்வின் கற்மல் என்பார், ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தோடு ஆழத்தையும் பதிந்து வைத்தால் எப்பொருள் முன்னுள்ளது என்பது தானே விளங்குமெனக் காட்டினார். 1990இல் சைட்டோ, தகஹாஷி என்னும் யப்பானிய அறிஞர் இருவர் ஆழம், மேற்பரப்பின் திசை முதலியவற்றைத் தனித்தனிப் படிமங்களாகச் சேமித்து, பின்வரும் சுற்றுக்களில் அவற்றிலிருந்து இறுதிப் படத்தை ஆக்கும் முறையை விரித்துரைத்தனர்.

இவ்வாறு ஒரு சுற்று ஆக்கிய படிமம் மறு சுற்றுக்கு மூலப்பொருளாயிற்று. அத்தகைய ஒரு சுற்றே ரெண்டர் பாஸ் ஆகும். படிமங்கள் பெருகவே செலவும் பெருகிற்று. 1920க்கு 1080 புள்ளிகளையும், புள்ளிக்கு 4 பைற்றையும் கொண்ட படிமம் 82,94,400 பைற் ஆகும். செக்கனுக்கு 60 முறை அதனை எழுதின் ஏறத்தாழ 50 கோடி பைற் நினைவகத்துக்குச் செல்லும். மீளப் படிப்பின் அது இருமடங்காகும். கைத்தொலைபேசியின் மின்கலத்துக்கு இது சிறிய சுமையன்று.

ஆதலின் கைத்தொலைபேசிகளின் வரைவுச் சில்லுகள் பல, திரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் தம் உள்ளேயுள்ள சிறு நினைவகத்தில் தீட்டி முடித்து, வேண்டியதை மாத்திரமே வெளி நினைவகத்துக்கு அனுப்புகின்றன. ஆயின் வேண்டியது எது என்பதைச் சில்லு அறியாது. 2016இல் வெளியான வல்கன் என்னும் நெறிமுறை அப்பொறுப்பை நிரலாளரிடம் வெளிப்படையாக ஒப்படைத்தது. சுற்றின் தொடக்கத்திற் பழைய படிமத்தை ஏற்றுவதா, துடைப்பதா, கருதாது விடுவதா என்றும், முடிவில் அதனைச் சேமிப்பதா, விடுவதா என்றும் அவர் கூறுதல் வேண்டும். மறைப்பைத் தீர்மானித்து முடிந்த ஆழப் படிமத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஆனால் பின்வரும் சுற்று நிழல் வீழ்த்துதற்கு அதனையே நாடுமாயின், விடுத்தவர்க்குக் கிடைப்பது பொருளற்ற புள்ளிக் குவியலே. ஒரு சில்லில் ஒழுங்காகத் தோன்றும் படம் மற்றொன்றிற் சிதைவதற்கு இப்பிழையும் ஒரு காரணமாகும்.

அனைத்தையும் சேமிப்போன் சுமையால் தளர்வான். ஆராயாது விடுப்போன் மூலத்தை இழப்பான். 1990இற் போரினால் ஊரைவிட்டுப் பெயர்ந்த தெல்லிப்பழை மக்கள், கையிலெடுப்பது எது, விட்டுச் செல்வது எது என்பதைச் சிறு பொழுதில் தீர்மானிக்க நேர்ந்தது. சுவாமியறைப் படங்களை விட்டுச் சென்றோர் பலர் அவற்றை மீளக் கண்டிலர். அவர்க்கு வாய்க்காத அவகாசம் நிரல் எழுதும் மாணவர்க்கு உண்டு. அடுத்த சுற்றுக்கு வேண்டுவது யாதென முன்னரே எண்ணிப் பார்த்தல் அவர்தம் கடனாகும்.